நாம் என்னும் சொல்லும் நாம் வாழும் தெருவும்

தெருவைத் தூய்மையாகவும் பாதுகாப்பாகவும் வைத்திருப்பது ஊராட்சித் துறைக்கும் சுகாதாரத் துறைக்கும் உரிய பொருள் என்றே பொதுவாகக் கருதப்படுகிறது. மொழியியல் பயின்றோர் இதில் சொல்வதற்கு என்ன இருக்கிறது என்னும் வினா இயல்பாக எழும். மக்கள் தம் தெருவைப் பற்றி எவ்வாறு பேசுகிறார்கள் என்பதைச் சற்றுக் கூர்ந்து கேட்டால் விடை கிடைத்துவிடும். கால்வாய் யாருடையது, விளக்குக் கம்பம் யார் பொறுப்பு, குப்பையை அள்ளுபவர் நம்மவரா பிறரா என்பனவற்றை எல்லாம் அப்பேச்சே வெளிப்படுத்துகிறது. பொதுவிடத்துக்கு உரியவர் யார் என்பதைத் தெளிவாகச் சொல்லத் தெரிந்த சமூகமே அவ்விடத்தைப் பேணும் முறையையும் வகுத்துக்கொள்கிறது என்பது இக்கட்டுரையின் கருத்து. தஞ்சோங் ரம்புத்தானையும், பேராக் மாநிலத்து ரப்பர் தோட்டங்களிலிருந்து நகர்ப்புறத் தாமான்களுக்குக் குடிபெயர்ந்த தமிழர் வாழ்வையும் இதற்குச் சான்றாகக் கொண்டு நோக்குவோம்.

1. ஊரின் பெயரும் பொதுச் சொத்தே

ஈப்போவின் வடபுறத்தே, கிந்தா ஆற்றின் மேற்பகுதியாகிய உலு கிந்தாவில் அமைந்த சிற்றூர் தஞ்சோங் ரம்புத்தான். இரயில் பாதையை ஒட்டி வளர்ந்த இவ்வூர் இன்று ஈப்போ மாநகர் மன்றத்தின் ஆட்சி எல்லைக்குள் அடங்கும். 'தஞ்சோங்' என்னும் மலாய்ச் சொல் கடலிலோ ஆற்று வளைவிலோ நீண்டு நிற்கும் நிலத்தைக் குறிப்பது. 'ரம்புத்தான்' என்பது மயிரைக் குறிக்கும் 'ரம்புட்' என்னும் சொல்லடியாகப் பிறந்த பழப்பெயர். ஆற்றையும் மரத்தையும் நினைவூட்டும் அழகிய பெயர் இது.

ஆனால் மலேசியர் வாயில் இப்பெயருக்கு வேறொரு பொருள் ஏறிவிட்டது. 1911ஆம் ஆண்டு இங்கு மனநல மருத்துவமனை ஒன்று தொடங்கப்பட்டது. அதன்பின் இன வேறுபாடு இன்றி யாவரும் பிறரை ஏளனம் செய்ய இவ்வூர்ப் பெயரைப் பயன்படுத்தலாயினர். 'உன்னைத் தஞ்சோங் ரம்புத்தானுக்குத்தான் அனுப்ப வேண்டும்' என்னும் தொடரைக் கேளாத மலேசியத் தமிழர் அரியர். மொழியியலில் இதனை இழிபொருட்பேறு என்பர். நோயுற்றோரைக் காக்க எழுந்த இடம், அந்நோயையே சொல்லி இகழும் வசையாகிவிட்டது. மருத்துவமனையின் பெயர் 1971இல் 'பஹாகியா' என மாற்றப்பட்டது. மகிழ்ச்சி எனப் பொருள்படும் அம்மலாய்ச் சொல்லும் நம் வழக்கிலுள்ள 'பாக்கியம்' என்னும் சொல்லும் ஒரே வடசொல்லிலிருந்து வந்தவை. ஆயினும் ஊர்ப்பெயரின் மேல் படிந்த ஏளனம் முற்றும் நீங்கவில்லை. வெளியூரில் தம் ஊரைச் சொல்லத் தயங்கி, 'ஈப்போ' என்று மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்ளும் மாணவரை நாம் கண்டிருக்கிறோம்.

தெருவில் எறியப்படும் குப்பையைப் போலவே பெயர்மீது எறியப்படும் ஏளனமும் ஒருவர் செயலால் பலருக்கு விளையும் இழப்பு. தம் ஊர்ப் பெயரைச் சொல்லவே கூசும் ஒருவர், அவ்வூரின் கால்வாயைத் தம்முடையது எனச் சொல்வது எளிதன்று. ஆதலின் ஒரு குடியிருப்பைப் பேணும் பணியை அதன் பெயரை நிமிர்ந்து சொல்வதிலிருந்தே தொடங்கலாம்.

2. தோட்டத்திலிருந்து தாமானுக்கு

பேராக்கின் தோட்டங்களில் வாழ்ந்த தமிழர்க்குப் பொதுவிடம் பற்றிய சொற்கள் பல இருந்தன. குடியிருந்த வீட்டு வரிசை லயம். விடியற்காலையில் ஆள் கணக்கெடுத்த நிகழ்ச்சி பெரட்டு. பிள்ளைகளை விட்டுச் சென்ற இடம் ஆயாக் கொட்டகை. வேலை வாங்கியவர் கங்காணியும் தண்டலும். கணக்கு எழுதியவர் கிராணி. ஒவ்வோர் இடத்துக்கும் ஒரு பெயரும் ஒவ்வொரு பணிக்கும் ஓர் ஆளும் இருந்தமை இச்சொற்களால் விளங்கும். லயத்துக் கால்வாயை யார் கூட்டுவது என்னும் ஐயம் அங்கு எழுந்ததில்லை. நிர்வாகம் அதற்கென ஆள் வைத்திருந்தது.

இதனைக் கொண்டு தோட்ட வாழ்வைப் பொற்காலமாகக் கருதுதல் தவறு. அத்தூய்மை ஏவலால் நிகழ்ந்த தூய்மை. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மலேரியாவால் தோட்டத் தொழிலாளர் பெருமளவில் மாண்டனர். 1901 முதல் கிள்ளான் பகுதியில் மருத்துவர் மால்கம் வாட்சன், சதுப்பு நீரை வடித்து நோயைக் கட்டுப்படுத்தலாம் எனச் செயலில் காட்டினார். அதன்பின் கால்வாய் வெட்டுவதும் நீர்நிலைகளில் எண்ணெய் தெளிப்பதும் தோட்டங்களில் பரவின. உயிர் காப்பதோடு உழைப்பாளர் எண்ணிக்கை குறையாமல் காப்பதும் நிர்வாகத்தின் நோக்கமாக இருந்தது. பிற்காலத்தில் தொழிலாளர் வீடுகளின் தரத்தையும் வசதிகளையும் பேணும் கடமையை முதலாளியின் மேல் சட்டமே சுமத்தியது. 1990ஆம் ஆண்டின் சட்டம் அவ்வகையது.

ரப்பர் மரங்கள் செம்பனைக்கு இடம் விட்டும், தோட்டங்கள் துண்டாடப்பட்டும், நிலம் வீடமைப்புக்கு மாறியும் போனபோது மக்கள் நகர்ப்புறம் வந்து சேர்ந்தனர். தாமானில் வீடு சொந்தமாயிற்று. அது பெரிய விடுதலை. ஆயின் வாசலுக்கு வெளியே இருந்த இடத்துக்கு உரியவர் யார் என்பது மங்கிப் போயிற்று. கங்காணியின் குரல் நின்றது. அவ்விடத்தில் வேறு குரல் எதுவும் எழவில்லை. பழைய சொற்கள் தோட்டத்தோடு தங்கிவிட, வீட்டின் முன்னோடும் கால்வாய் 'லோங்காங்' ஆயிற்று. மலாய்ச் சொல் வந்து சேர்ந்ததில் குறையில்லை. அச்சொல்லோடு சேர்ந்து வரவேண்டிய 'நம்முடையது' என்னும் எண்ணம் வந்து சேரவில்லை என்பதே குறை.

வரியின் பெயரிலும் இதனைக் காணலாம். மாநகர் மன்றத்துக்கு ஆண்டுக்கு இருமுறை, பிப்ரவரி இறுதிக்குள்ளும் ஆகஸ்டு இறுதிக்குள்ளும் செலுத்தும் மதிப்பீட்டு வரியை மக்கள் 'சுக்காய் பிந்து' என்கிறார்கள். 'பிந்து' என்பது கதவு. கதவின் பெயரால் செலுத்தும் இவ்வரியோ கதவுக்கு வெளியே உள்ள தெருவிளக்கு, கால்வாய், குப்பை அகற்றல் ஆகியவற்றுக்கே செலவாகிறது. திடக்கழிவு, பொதுத் தூய்மை நிர்வாகம் ஆகியவற்றுக்கான 2007ஆம் ஆண்டுச் சட்டம் 2011 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்தபோது பேராக் அதில் இணையவில்லை. எனவே இம்மாநிலத்தில் குப்பை அகற்றும் பொறுப்பு ஊராட்சி மன்றங்களிடமே நின்றது. ஊராட்சித் தேர்தல்கள் 1965இல் நிறுத்தப்பட்டு, 1976ஆம் ஆண்டின் ஊராட்சிச் சட்டத்தால் நீக்கப்பட்டன. மன்ற உறுப்பினர்கள் அதுமுதல் நியமனம் பெறுகிறார்கள். வாக்குச்சீட்டால் கேட்க இயலாததைக் குடியிருப்பாளர் ஒன்றுகூடிச் சொல்லாலும் கடிதத்தாலும் கேட்க வேண்டியவராகிறார்கள்.

3. வினைமுதல் மறைந்த தொடர்கள்

நம் அன்றாடப் பேச்சில் வழங்கும் சில தொடர்களை நோக்குவோம். 'கால்வாய் அடைத்துக்கொண்டது', 'குப்பை சேர்ந்துவிட்டது', 'விளக்கு உடைந்துபோனது'. இவை யாவும் தன்வினைத் தொடர்கள். கால்வாய் தானே தன்னை அடைத்துக்கொண்டதாகவும், குப்பை தானே நடந்து வந்து சேர்ந்ததாகவும் இவை ஒலிக்கின்றன. 'கால்வாயை அடைத்தோம்', 'குப்பையைச் சேர்த்தோம்' எனப் பிறவினையில் சொல்லிப் பார்த்தால் வினைமுதல் உடனே வெளிப்படும். வினைமுதல் வெளிப்பட்டவுடன் அதனைத் தவிர்க்கும் வழியும் புலப்படும்.

அறிவிப்புப் பலகைகளும் இத்தகையனவே. 'குப்பை கொட்டக் கூடாது' என்னும் தொடரில் கொட்டுபவரும் இல்லை, தடுப்பவரும் இல்லை. மலாயில் எங்கும் காணப்படும் 'டிலாராங்' என்பதும் தடுப்பவரைச் சொல்லாத செயப்பாட்டு வடிவம். சட்டத்தின் குரலுக்கு இவ்வடிவம் பொருந்தும். அயலார் தம்முள் பேசிக்கொள்ளும் குரலுக்கு இது மட்டும் போதாது. 'இவ்விடத்தை இத்தெருவார் சனிக்கிழமைதோறும் தூய்மை செய்கிறோம்' என்று எழுதிய பலகை, தடையைக் கூறாமலே அதனை உணர்த்திவிடும். அவ்விடத்துக்கு உரியவர் இருக்கிறார்கள் என்பதை அது தெரிவிக்கிறது.

தூய்மை செய்வோரைக் குறிக்கும் சொற்களையும் இங்கே எண்ணிப் பார்க்கலாம். 'துப்புரவு' என்னும் சொல் திருக்குறளில் நுகர்பொருளைக் குறிக்கிறது. பிற்காலத்தில் அது தூய்மையைக் குறிக்கலாயிற்று. தூய்மை செய்வோரின் பெயரோ இழிவிலிருந்து மெல்ல மீண்டு வந்திருக்கிறது. சாதியிழிவு தோய்ந்த 'தோட்டி' என்னும் பெயர் ஒருகாலத்தில் ஆட்சி ஆவணங்களிலேயே வழங்கியது. அதன் இடத்தில் துப்புரவுத் தொழிலாளர் என்பதும், அண்மைக் காலத்தில் தமிழ்நாட்டு அரசு வழக்கில் தூய்மைப் பணியாளர் என்பதும் வந்தன. மலாயாவின் நகரங்களில் இப்பணியைச் செய்தவருள் தமிழர் மிகப் பலர். இன்று அவ்விடத்தில் பெரும்பாலும் வெளிநாட்டிலிருந்து வந்த குத்தகைத் தொழிலாளர் நிற்கின்றனர். நம் பாட்டனார் காலத்தில் நம்மை நோக்கி வீசப்பட்ட சொற்களை நாம் இவர்மேல் வீசலாகாது. கட்டாத பையையும் உடைந்த கண்ணாடியையும் அவர் கையில் விடுவதும் அத்தகைய வசைதான்.

4. நாமும் நாங்களும்

தமிழில் தன்மைப் பன்மை இருவகைப்படும். கேட்பவரையும் உளப்படுத்துவது 'நாம்'. அவரை நீக்கி நிற்பது 'நாங்கள்'. முன்னிலையாரையோ படர்க்கையாரையோ தன்மையோடு சேர்த்துச் சொல்வதை உளப்பாட்டுத் தன்மை என நம் இலக்கண நூலார் வகுத்தனர். மலாய் மொழியிலும் இப்பாகுபாடு உண்டு. 'கித்தா' என்பது நாம். 'காமி' என்பது நாங்கள். ஆங்கிலத்தில் இப்பாகுபாடு இல்லை. தொடர்பற்ற இருவேறு மொழிக்குடும்பங்களைச் சேர்ந்த தமிழும் மலாயும் இவ்வகையில் ஒத்திருப்பது, இவ்விரண்டையும் பேசி வாழும் நமக்கு வாய்த்த நல்வாய்ப்பு.

2020ஆம் ஆண்டு கொரோனா நோய்த்தொற்றுக் காலத்தில் மலேசியா எங்கும் பரவிய முழக்கத்தை நினைவுகூர்வோம்: 'கித்தா ஜாகா கித்தா'. நம்மை நாம் காப்போம் என்பது பொருள். அங்கே 'காமி' என்று வைத்துப் பார்த்தால் 'எங்களை நாங்கள் காப்போம்' என்றாகி, வேலிக்கு உள்ளே இருப்பவர் குரலாக அது சுருங்கிவிடும்.

தாமான் கூட்டங்களில் இவ்வேறுபாட்டைக் காது கொடுத்துக் கேட்கலாம். 'நாங்கள் ஒழுங்காகத்தான் இருக்கிறோம், பின்வரிசையார்தான் போடுகிறார்கள்' என்னும் பேச்சில், கேட்பவர் விலக்கப்பட்டுவிடுகிறார். 'நாம் என்ன செய்யலாம்' என்று தொடங்கும் பேச்சு அவரையும் வினையில் சேர்த்துக்கொள்கிறது. சொல்லை மாற்றினால் கால்வாய் தானே தூய்மையாகிவிடும் என்று நாம் கூறவில்லை. சேர்ந்து செய்யும் பணிக்கு யாரை யார் அழைக்க முடியும் என்பதை அச்சொல் தீர்மானிக்கிறது.

சமூகவியலாரும் வேறு வழியில் இதே முடிவுக்கு வந்துள்ளனர். ஜேன் ஜேக்கப்ஸ் அம்மையார் 1961இல் வெளியிட்ட நகரங்கள் பற்றிய நூலில், தெருவைக் காப்பது காவலரைவிட முதன்மையாக அத்தெருவார் கண்களே என்றார். ராபர்ட் சாம்ப்சன் குழுவினர் சிகாகோவில் 343 குடியிருப்புப் பகுதிகளில் 8,782 பேரிடம் வினவி, 1997இல் முடிவுகளை வெளியிட்டனர். அயலார்மீது நம்பிக்கையும், தவறு கண்டால் தலையிடும் துணிவும் சேர்ந்திருந்த பகுதிகளில் வன்முறை குறைவாக இருந்தது. வறுமை போன்ற பிற காரணங்களைக் கணக்கில் கொண்ட பின்னும் இவ்வுறவு நிலைத்தது. அயல் வீட்டுச் சிறுவன் பள்ளி நேரத்தில் தெருவில் திரிந்தால் 'ஏன் தம்பி, பள்ளிக்கூடம் இல்லையா?' என்று கேட்கும் ஒரு பாட்டியின் உரிமை எத்தகைய பாதுகாப்பு என்பதை இதனால் உணரலாம்.

5. முறையாக்கப்பட்ட பொறுப்பு

நல்லெண்ணம் மட்டும் நெடுநாள் நில்லாது. முறையும் சுழற்சியும் கணக்கும் வேண்டும். இவ்வுண்மையைத் தமிழ்க் கல்வெட்டு ஒன்று ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே பதிந்துள்ளது. தமிழ்நாட்டின் உத்திரமேரூரில் முதலாம் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919, 921 ஆகிய ஆண்டுகளில் பொறிக்கப்பட்ட கல்வெட்டுகள், ஊர்ப் பணிகளை வாரியங்களிடம் ஒப்படைத்த முறையைக் கூறுகின்றன. ஊர் 30 குடும்புகளாகப் பிரிக்கப்பட்டது. ஏரிக்கு ஒரு வாரியம், தோட்டத்துக்கு ஒரு வாரியம் என வகுத்து, உறுப்பினரைக் குடவோலையால் தேர்ந்தனர். பதவிக்காலம் 360 நாள். முன்னர்ப் பொறுப்பேற்றுக் கணக்குக் காட்டாதவர் மீண்டும் தேர்வுக்குத் தகுதியற்றவர். அவருடைய நெருங்கிய உறவினரும் அவ்வாறே. அது அந்தணர் சபை. பெண்களுக்கும் உழைக்கும் மக்களுக்கும் அதில் இடமில்லை. எனவே அதனை மக்களாட்சி எனக் கொண்டாட வேண்டியதில்லை. ஏரி பொதுவானது என்பதாலேயே அதற்குப் பெயர் குறித்த பொறுப்பாளர் வேண்டும் என்னும் அறிவை மட்டும் எடுத்துக்கொள்வோம்.

நம் நாட்டில் அதற்கு ஒப்பான அமைப்பு ருக்குன் தெத்தாங்கா. 'ருக்குன்' தூணைக் குறிக்கும் அரபுச் சொல்லின் வழி வந்தது. 'தெத்தாங்கா' அண்டை வீட்டார். 1975இல் இவ்வமைப்பு தொடங்கியபோது இரவுக் காவல் கட்டாயக் கடமையாக இருந்தது. 1983 முதல் அயலார் நல்லுறவு முன்னிலை பெற்றது. 2012ஆம் ஆண்டின் சட்டம் அதற்குத் தனிச் சட்ட அடிப்படை தந்தது. விரும்புவோர் மேற்கொள்ளும் ரோந்துப் பணியும் அதன் கீழ் நடைபெறுகிறது. அச்சத்தில் பிறந்த காவல் முறை, அறிமுகத்தில் வளரும் அயலுறவாக மாறிய வரலாறு இது. கோத்தோங் ரோயோங் என்னும் கூட்டுப்பணியும் இதனோடு இணைந்தது. 'கோத்தோங்' என்பது பலர் சேர்ந்து ஒன்றைச் சுமத்தலைக் குறிக்கும் ஜாவானியச் சொல். நம் முன்னோர் ஏரி, வாய்க்கால்களைக் கூடிச் செப்பனிட்ட 'குடிமராமத்து' இதற்கு நெருங்கிய தமிழ் வழக்கு. அதில் உள்ள 'மராமத்து' அரபுவழி வந்ததாகும். மூன்று மொழிக்குடும்பங்களின் சொற்கள் ஒரே பணியில் தோள் கொடுத்து நிற்கின்றன.

6. ஏழு நாள் கணக்கு

ஆண்டுக்கொருமுறை, விழாக்காலத்துக்கு முன் நடக்கும் பெருந்துப்புரவு போதுமா என்பதற்கு டிங்கிக் காய்ச்சல் விடை கூறுகிறது. ஏடிஸ் கொசு தேங்கிய தெளிந்த நீரின் ஓரத்தில் முட்டையிடுகிறது. நம் வெப்பநிலையில் முட்டை கொசுவாக ஏறத்தாழ 7 முதல் 10 நாளாகும். நீர் வற்றினாலும் முட்டை பல மாதங்கள் உயிரோடு கிடந்து, அடுத்த மழையில் பொரியும். புகை அடிப்பது பறக்கும் கொசுவையே கொல்லும். முட்டைக்கும் புழுவுக்கும் அதனால் ஊறில்லை. ஆகவே வாரம் ஒருமுறை பூந்தொட்டித் தட்டு, கூரை நீர்த்தாரை, பழைய டயர், மூடாத தொட்டி ஆகியவற்றைப் பார்த்து நீரைக் கொட்டுவதே பயன் தரும். தொட்டிகளில் ஒட்டிய முட்டை நீங்க உட்புறத்தைத் தேய்த்துக் கழுவவும் வேண்டும்.

இக்கொசு பெரும்பாலும் தான் பிறந்த இடத்திலிருந்து 400 மீட்டருக்குள்ளேயே வாழ்ந்து முடிவது. நம்மைக் கடித்த கொசு நம் தெருவிலோ அடுத்த தெருவிலோ பிறந்ததாகவே இருக்கும். ஒன்பது வீட்டார் நீரைக் கொட்டிப் பத்தாம் வீட்டார் விட்டுவிட்டால், அப்பத்து வீட்டுக் குழந்தைகளுக்கும் ஆபத்து உண்டு. ஆளில்லாமல் பூட்டிக் கிடக்கும் வீடு இவ்வகையில் எல்லார்க்கும் உரிய சிக்கல். இங்கே 'நாங்கள்' என்னும் சொல்லுக்குப் பொருளே இல்லை. கொசு உளப்பாட்டுப் பன்மை ஒன்றையே அறியும்.

7. வகுப்பறையில் செய்யத்தக்கவை

இப்பொருளை நன்னெறிப் பாடத்தின் அறிவுரையாக மட்டும் நிறுத்தாமல் மொழிப் பயிற்சியாகவும் ஆக்கலாம். ஆசிரியர் கருத்துக்கு நான்கு பயிற்சிகளை முன்வைக்கிறோம்.

முதலாவது, சொல் திரட்டு. மாணவர் தம் தெருவில் காணும் பொதுப் பொருள்களைப் பட்டியலிட்டு, வீட்டில் வழங்கும் சொல், மலாய்ச் சொல், பொறுப்புடையவர் என மூன்று நிரல்களில் எழுதலாம். மூன்றாம் நிரல் வெற்றாக நிற்கும் இடங்களிலிருந்து வகுப்பு உரையாடலைத் தொடங்கலாம்.

இரண்டாவது, மூத்தோர் நேர்காணல். தோட்டத்தில் பிறந்து வளர்ந்த தாத்தா பாட்டியரிடம் லயத்துக் கால்வாயை யார் கூட்டினார், நீர் எங்கிருந்து வந்தது, இரவுக் காவல் எப்படி நடந்தது என்று கேட்டு அவர்தம் சொற்களிலேயே பதியலாம். தோட்ட வழக்குச் சொற்களை அறிந்த தலைமுறை குறைந்து வருகிறது. இப்பணியைக் காலந்தாழ்த்துதல் கூடாது.

மூன்றாவது, அறிவிப்பை மாற்றி எழுதுதல். எழுவாய் இல்லாத ஒரு தடை அறிவிப்பை, 'நாம்' என்னும் எழுவாய் கொண்ட தொடராகத் தமிழிலும் மலாயிலும் எழுதிப் பழகலாம்.

நான்காவது, முறையீட்டுக் கடிதம். 'எங்கள் பகுதியில் விளக்கே எரிவதில்லை' என்னும் தொடரைக் கொண்டு எந்த அலுவலரும் செயலாற்ற இயலாது. தெருப்பெயர், கம்பத்தில் பொறித்த எண், எந்நாள் முதல் எரியவில்லை, அவ்வழியே செல்வோர் யாவர், முன்னர் எப்போது தெரிவிக்கப்பட்டது ஆகிய ஐந்தும் அடங்கிய கடிதம் செயலுக்கு வழி செய்யும். கடிதத்தின் படி ஒன்றை நாளிட்டுக் கோப்பில் வைத்தல் வேண்டும். தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றம் இல்லாத இடத்தில் குடிமக்கள் கையில் உள்ள உறுதியான கருவி, தெளிவாக எழுதப்பட்ட தாளே.

தோட்டத்தில் ஏவலால் காக்கப்பட்ட தூய்மையைத் தாமானில் இசைவால் காக்க வேண்டிய நிலைக்கு நம் சமூகம் வந்திருக்கிறது. ஏவுவதற்குக் கங்காணி ஒருவர் போதும். இசைவதற்கோ அயலாரின் பெயரை அறிந்திருக்க வேண்டும். அவர் மொழியில் சில சொற்களாவது பேச வேண்டும். யார், எதை, எந்நாளில் செய்வது என்று எழுதி வைக்க வேண்டும். தஞ்சோங் ரம்புத்தானில் வளரும் ஒரு மாணவி, தன் ஊர்ப் பெயரைத் தயங்காமல் சொல்லி, தன் தெருக் கால்வாயை 'நம் கால்வாய்' என்று அண்டை வீட்டு மலாய்ச் சிறுமியிடமும் சீனச் சிறுவனிடமும் குறிப்பிடும் நிலையை உருவாக்குவது ஆசிரியர்களாகிய நம் கையில் உள்ளது.